பூட்சைக் கழட்டிட்டு உள்ள வந்தவரு

நியூஜெர்சியில ஒரு வருசம் பனி கொட்டித் தீத்துச்சே, காரெல்லாம் வெள்ளைக் கரட்டுக் குன்னாட்ட மூடிக் கெடந்து, ஆபீசு பள்ளிக்கூடம் எல்லாத்தையும் இழுத்துச் சாத்திட்டாங்களே, அப்ப இங்க இருந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்தப் பனி உருகி, தார் ரோடு கண்ணுக்குத் தெரிஞ்சு, மரத்து நுனியில கொஞ்சம் பச்சை எட்டிப் பாத்துச்சு பாருங்க, அந்தச் சமயத்துலதான் நான் அந்த ஜெர்மன்காரரை மொதல்ல பாத்தது.

எம்பட வீட்டுக்காரி போய்ச் சேந்த பொறவு, "அங்க தனியா என்னப்பா பண்ணுவீங்க"ன்னு பையன் என்னை இங்க கூட்டிட்டு வந்துட்டான். அவன் காத்தால ட்ரெயின் புடிச்சு நியூயார்க் போனான்னா பொழுது எறங்கித்தான் வருவான். வீட்டுல நானும் மருமகளுந்தான். அந்தப் புள்ள ஊருல காலேசுல வாத்தியார் வேலை பாத்தவ. இங்க அவ விசாவுக்கு வேலை பாக்கக் கூடாதாம். பாவம், காலேசுல பாடஞ்சொன்ன வாயி, என்னைப் பாத்து "மாமா, சட்னிக்கு உப்பு போதுமா"ன்னு கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவன். தமிழே படிக்கத் தெரியாது, இங்கிலீசுக்கு எங்க போறது. மாட்டுத் தரகுதான் எம்பட பொழப்பு. அந்தியூர்ச் சந்தையில நீங்க பாத்திருப்பீங்க, வாங்கறவனும் விக்கறவனும் துண்டைப் போத்தி, அதுக்கடியில கையைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை வராது. வெரல்தான் பேசும். அமுக்கினா சரி, உருவிக்கிட்டா யாவாரம் முறிஞ்சுது. சுத்தி நூறு பேரு நின்னாலும் உள்ள நடக்கறது அந்த ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அப்படியே ஆயுசைக் கழிச்சவன் நான். அதனால பாஷை தெரியாத ஊருக்கு வந்தது மத்தவங்களுக்கு இருந்த அளவுக்கு எனக்கு வெசனமா இல்லீங்க.

இங்க வந்து எனக்குப் பழகாமப் போனது ஒண்ணே ஒண்ணுதான். அதையும் சொல்லிப்போடறேன். ஹீட்டரு ரிப்பேருக்கு ஒரு ஆளு வந்தான். நல்ல பையன், சிரிச்ச மொகம். ஆனா சேத்துப் பூட்சோட வாசப்படி தாண்டி, கிச்சனைத் தாண்டி, மருமக சாமிக்கு வெளக்கு வெச்சிருக்கற மூலை வரைக்கும் போயிட்டான். நான் தமிழ்லயே சத்தம் போட்டேன். அவன் எனக்கு ஹலோ சொன்னான்.

"மாமா, விடுங்க, அவங்களுக்கு அது தப்பே இல்ல"ன்னுச்சு மருமக.

"அடுத்தவன் வீட்டுக்குள்ள பூட்சோட வர்றது தப்பில்லையா அம்மிணி?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் மாமா. கழட்டச் சொன்னா சங்கடப்படுவாங்க."

"அப்ப இந்த ஊருல ஒருத்தன் நல்லவனா கெட்டவனான்னு எதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறது?"

அந்தப் புள்ள சிரிச்சுட்டு மாப்பைத் தூக்கிட்டுப் போச்சு. நான் வெளையாட்டுக்குக் கேக்கல. நெசமாத்தான் கேட்டேன்.

சரி, அந்த ஜெர்மன்காரரு. எங்க வீட்டு வரிசைக்கு எதுத்தாப்புல ஒரு மரப் பெஞ்சு. வெயில் அடிக்கற நேரமாப் பாத்து அதுல வந்து உக்காருவாரு. தொண்ணூறைத் தாண்டின ஒடம்பு. நீளக் கருப்புக் கோட்டு, ஒட்டின கன்னம், வெரலு ஒவ்வொண்ணும் முருங்கைக்காயாட்ட நீளம். நான் வேட்டிக்கு மேல சொட்டரு, தலையில மங்கி கேப்பு, தோள்ல துண்டு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு கொஞ்ச நேரம் பாத்தோம். அப்பறம் அவரு தன் தலையைத் தடவிக்கிட்டு, எம்பட கேப்பைப் பாத்து, குளுர்ல நடுங்கற கொழந்தையாட்ட ஒரு மூஞ்சி காட்டினாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அவரு பக்கத்துல போய் உக்காந்தேன்.

அன்னிக்கிருந்து தெனமும் அங்கதான். அவரு வாயே தொறக்க மாட்டாரு. மூஞ்சிதான் பேசும். புருவம் ஒண்ணு ஏறினா அவரு மக காப்பியில சக்கரை போடலைன்னு அர்த்தம். கண்ணு ரெண்டும் மெதுவா மூடித் தொறந்தா, ராத்திரி தூக்கம் வரலை. நானும் துண்டை எடுத்து ரெண்டு பேரு கைக்கும் மேல போத்தி, எங்க சந்தைப் பேச்சைக் கத்துக் குடுத்தேன். மாடுதான் இல்ல. தூரத்துல போற காரைக் காட்டுவேன், அதுக்கு அவரு வெலை சொல்லுவாரு வெரலால. நான் உருவிக்குவேன். சத்தமில்லாம தோளு குலுங்கச் சிரிப்பாரு. பக்கத்து மரத்துல இருந்து வெள்ளையா ஒரு பூவு உதுந்துக்கிட்டே இருக்கும், பனி இன்னும் போகலையோன்னு தோணும். அந்தப் பகலெல்லாம் நெனைச்சுப் பாத்தா நான் அரைத் தூக்கத்துல இருந்த மாதரதான் இருக்குது.

ஒரு நா மருமக அவரு மககிட்ட நின்னு பேசிட்டு வந்துச்சு. அந்தம்மாவும் வயசானவங்கதான், ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. மருமக பீன்சு நறுக்கிக்கிட்டே எனக்குச் சொல்லுச்சு.

"மாமா, உங்க சினேகிதரு சினிமா நடிகராம்."

"நாடகக் கம்பெனியா இருக்கும்."

"இல்ல மாமா, சினிமாவேதான். ஜெர்மனியில, பேசாத படம். அந்தக் காலத்துல பெரிய வில்லனாம்."

அதுக்கு மேல அது சொன்னதெல்லாம் ஒரே நாள்ல சொன்னதில்ல. கொஞ்சம் கார்ல போறப்ப, கொஞ்சம் துணி மடிக்கறப்ப. நான் சேத்துச் சொல்றேன்.

அந்த ஒட்டின கன்னத்தையும் வெரலையும் பாத்து, மொதப் படத்துலயே கெட்டவன் வேசம் குடுத்துட்டாங்க. நல்லா செஞ்சுட்டாரு. அப்பறம் வேற வேசமே வரல. வெசம் வெக்கறவன், வீட்டைக் கொளுத்தறவன், பொண்ணைத் தூக்கிட்டுப் போறவன். ரோட்டுல போனா பொம்பளைங்க கொழந்தையை இழுத்து முந்தானைக்குள்ள மறைச்சுக்குவாங்களாம். அங்க முந்தானை ஏது, நான் சொல்றது ஒரு பேச்சுக்கு. ரொட்டிக் கடைக்காரன் அவரு காசை மேசை மேல வெக்கச் சொல்லித்தான் எடுப்பானாம், கையில வாங்க மாட்டானாம். ஒவ்வொரு படத்துலயும் கடைசியில அவரு செத்துப் போகணும். படம் வந்தா தொப்பியை எறக்கி விட்டுக்கிட்டு, கொட்டாயில கடைசி வரிசையில போய் உக்காருவாரு. அவரு சாகற எடம் வந்தா கொட்டாயே கைதட்டுமாம். மொதல்ல, நம்ம வேலையை ஒழுங்கா செஞ்சோம்னு சந்தோசமா இருந்துச்சாம். போகப் போக அந்தக் கைதட்டு நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சாம்.

அப்பறம் பேசற படம் வந்துச்சு. இவரு கொரலு கொழந்தைக் கொரலு. மைக்கு முன்னால நிறுத்திப் பேசச் சொன்னா, லைட்டு புடிக்கறவன் மொதக்கொண்டு சிரிச்சுட்டான். அத்தோட சரி. கப்பலேறி நியூயார்க் வந்து, ஒரு பேக்கரிக்கு அடியில, அண்டர்கிரவுண்டுல, மாவு பெசைஞ்சே காலத்தை ஓட்டிட்டாரு. அங்க யாருகிட்டயும் பேச வேண்டியதில்ல பாருங்க. அவரு வாய் தொறக்காததுக்கு அதுதான் காரணம்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

அவரு நடிச்ச படமெல்லாம் அங்க நடந்த உலகச் சண்டையில எரிஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். பழைய படச்சுருள் சேத்து வெக்கற ஒரு ஆளுகிட்ட அது இருக்கறதை இவரு மக கண்டுபுடிச்சுட்டாங்க. அவரு பொறந்த நாளைக்கு லைப்ரரிக்குக் கீழ இருக்கற ஹால்ல போட்டுக் காட்டணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. அவங்க அப்பா நடிச்ச படம் ஒண்ணையும் அவங்க பாத்ததே இல்லையாம். இவரு மாட்டவே மாட்டேன்னுட்டாரு. நான் சாகறதுக்கு அவங்க கைதட்டறதை இன்னொரு தடவ கேக்க எனக்குத் தெம்பில்லைன்னு எழுதியே காட்டிட்டாராம்.

"அந்த ஆன்ட்டி அழுதுட்டாங்க மாமா. இதுக்கப்பறம் எப்ப பாக்கறதுன்னு கேக்கறாங்க"ன்னுச்சு மருமக.

மறுநா பெஞ்சுல உக்காந்து, துண்டை எடுத்து ரெண்டு பேரு கைக்கும் போத்தினேன். கண்ணால லைப்ரரி இருக்கற தெசையைக் காட்டினேன். வெரலை உருவிக்கிட்டாரு. அதுக்கு மறுநாளும் உருவிக்கிட்டாரு. நல்ல மாடு மொத நாளே படியாதுங்களே. கடைசியில மருமகளைப் பக்கத்துல நிக்க வெச்சு, "எங்க ஆளுகளைக் கூட்டிட்டு வர்றேன், ஒருத்தரும் கைதட்ட மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு"ன்னு இங்கிலீசுல சொல்லச் சொன்னேன். அவரு பூ உதுர்ற மரத்தையே பாத்துட்டு இருந்தாரு. நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்னு நெனைக்கறேன். துண்டுக்கடியில எம்பட வெரலை யாரோ அமுக்கறது தெரிஞ்சு முழிச்சேன்.

எங்க ஆளுகன்னா, பேரன் பேத்தி பாக்க வந்து மாட்டிக்கிட்ட கெழடு கட்டைகதான். பார்க்குல சாயந்தரம் கூடுவோம். சீலைக்கு மேல கோட்டு, காலுக்கு கேன்வாசு ஷூ. அதுல திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருத்தி, ரயில்வேயில இருந்து ரிட்டையரான மெட்ராசுக்காரரு ஒருத்தரு, அவங்க ரெண்டு பேருந்தான் எங்க கூட்டத்துக்கு வாயி. விசயத்தைச் சொன்னேன்.

"இன்னா தலைவரே, பேசாத படம், புரியாத ஊரு, போதாக்கொறைக்கு கைதட்டக் கூடாதுன்றீங்க. விசிலாவது அடிக்கலாமா?"ன்னாரு ரயில்வேக்காரரு.

"ஏய், ஒமக்குத்தான் காது கேக்காதே, பேசின படமா இருந்தா என்ன பேசாத படமா இருந்தா என்னவே"ன்னா அக்கா. "நான் வாரேன் அண்ணாச்சி. வீட்டுல இருந்தா அந்தத் துணி தொவைக்க மெஷினு சுத்துறதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பொதங்கெழமை மத்தியானம். சின்னவங்கெல்லாம் வேலைக்குப் போயிட்ட நேரம். வெள்ளைக்காரங்க ரொம்பக் கொஞ்சம் பேருதான் வந்திருந்தாங்க. எங்க கூட்டத்தை மருமக வேன்ல ரெண்டு நடையா ஏத்திட்டு வந்துச்சு. ஏற்பாடு என்னன்னா, படத்துல ஜெர்மன் எழுத்து வரப்ப அவரு மக இங்கிலீசுல படிப்பாங்க, மருமக அதைத் தமிழ்ல சொல்லும். ஆனா அது ரெண்டாவது நடைக்குப் போனது வர நேரமாயிருச்சு. ஹாலை அந்த நேரத்துக்குள்ள காலி பண்ணிக் குடுக்கணுமாம், லைட்டை அணைச்சுட்டாங்க.

நான் அவரு பக்கத்துல. அவரு மடியில ஒரு கம்பளி. கம்பளிக்கடியில எம்பட கையைப் புடிச்சுக்கிட்டாரு. கை சில்லுன்னு இருந்துச்சு.

மிசினு கடகடன்னு ஓடுச்சு. வெளுப்பா ஒரு வெளிச்சம். பனி கொட்டற தெரு, குதிரை வண்டி, பெரிய வீடு. எனக்கு அப்படியே சின்ன வயசுல பாத்த கூடாரம் ஞாபகத்துக்கு வந்துச்சு. எங்க பக்கம் அந்தக் காலத்துல பேசாத படம் வந்துச்சுன்னா, தெரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு கம்போட நிப்பான். வெத்தலையைக் கொதப்பிக்கிட்டு, "இதோ வர்றா பாரு ராசகுமாரி, அடுத்து என்ன நடக்கப் போவுதோ தெரியலையே"ன்னு கத்துவான். அவன் சொல்றதுதான் கதை. படம் பாக்கறதுன்னா எங்களுக்கு அதுதான். அதுல ஒரு ஆளு சொல்லணும், மத்தவங்க கேக்கணும்.

இங்க எழுத்து வந்துச்சு. மக பின்னால இருந்து ஏதோ படிச்சாங்க. அந்த எழுத்தும் ஒண்ணுதான், அவங்க இங்கிலீசும் ஒண்ணுதான் எங்களுக்கு.

"அண்ணாச்சி, என்ன போட்டிருக்கு?"ன்னா அக்கா.

எனக்கென்ன தெரியும். அந்தப் பெரிய வீட்டுக்குள்ள மீசை வெச்ச ஒருத்தன் வந்தான். முட்டி வரைக்கும் பூட்சு. பனியோட, சேத்தோட, தபதபன்னு வந்து, மேசை மேல காலைத் தூக்கிப் போட்டு சுருட்டு பத்த வெச்சான். ஒரு பொண்ணு அவனுக்கு எதையோ கொண்டாந்து குடுத்துச்சு.

"ஆளு சரியில்ல"ன்னேன் நான் மெதுவா.

"ஆமா, பாத்தாலே தெரியுது"ன்னா அக்கா.

அப்பத்தான் வாசல்ல அவரு வந்தாரு. எம்பட பக்கத்துல உக்காந்திருக்கற அதே மனுசன், அம்புட்டு இளசா. கன்னம் அப்பவே ஒட்டித்தான் இருக்குது. வாசப்படியில நின்னாரு. அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு. குனிஞ்சு, பூட்சோட கயித்தை அவுத்து, ஒண்ணை, அப்பறம் இன்னொண்ணை, ஜோடி சேத்து ஓரமா வெச்சாரு. வெறுங்காலோட உள்ள அடி எடுத்து வெச்சாரு.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. இந்த ஊருக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரரு வாசல்ல செருப்பைக் கழட்டினதை அன்னிக்குத்தான் பாக்கறேன், அதுவும் படத்துல. இந்த மனுசன் நம்மகிட்ட மறைச்சுட்டாரு, எல்லாப் படத்துலயும் கெட்டவன், இதுல மட்டும் நல்லவன் போலிருக்குன்னு எனக்கு நிச்சயமாயிருச்சு.

"பாத்தீங்களா, பூட்சைக் கழட்டிட்டு வர்றாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன். இவரு இந்த வீட்டுப் புள்ள. அந்த மீசைக்காரன் வந்து வீட்டைப் புடிச்சுக்கிட்டு இவரை வெளிய தொரத்திட்டான்"ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சது நிக்கல. கூடாரத்துக்காரன் கொரலு எங்கிருந்தோ வந்து எம்பட தொண்டையில உக்காந்துக்கிச்சு.

அவரு நாற்காலியில தூங்கற ஒரு கெழவியோட போர்வையை மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டாரு. "குளுருமேன்னு அம்மாவுக்குப் போத்தி விடறாரு"ன்னேன். பொட்டியைத் தொறந்து நகையை எடுத்து கோட்டுக்குள்ள வெச்சாரு. "மீசைக்காரன் வித்துப் போடுவான்னு அம்மா நகையைக் காப்பாத்தறாரு"ன்னேன். அந்தப் பொண்ணைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போனாரு, அது திமிறுச்சு. "அண்ணன் கூப்புட்டா வர மாட்டேங்குது பாருங்க, அந்த மீசைக்காரன் என்ன மருந்து வெச்சானோ." அக்கா மூக்கை உறிஞ்சறது கேட்டுச்சு. பின்னால மக படிக்கறதை எப்ப நிறுத்தினாங்கன்னு எனக்குத் தெரியாது. மருமக ரெண்டாவது நடை ஆளுகளோட வந்து நின்னதும் தெரியாது.

கடைசியில ஆறு. மேல பூராவும் ஐசு. இவரு ஓடறாரு, வெறுங்காலோட. பின்னால மீசைக்காரனும் அவன் ஆளுகளும், பூட்சோட. ஐசு வெடிச்சுது. உள்ள போயிட்டாரு. அந்த நீளக் கை மட்டும் மேல, வெரலை விரிச்சு, எதையோ புடிக்கற மாதர, மெதுவா மெதுவா எறங்குச்சு. கம்பளிக்கடியில அதே கை எம்பட கையை இறுக்கிக்கிச்சு. கைதட்டு வரப் போவுதுன்னு காத்துக்கிட்டு இருந்தாருன்னு நெனைக்கறேன்.

அப்பறம் மறுபடி அந்த வீட்டு வாசலைக் காட்டினான். பனி கொட்டுது. பூட்சு ஜோடியா அங்கேயே இருக்குது. பனி அதுக்குள்ள ரொம்புது.

"போட்டுக்கிட்டுப் போக ஆளில்ல"ன்னேன்.

கைதட்டாதீங்கன்னுதான் நான் சொல்லி வெச்சிருந்தேன். அழச் சொல்லி யாருகிட்டயும் சொல்லல. லைட்டு போட்டப்ப ஹால்ல மூக்கு உறிஞ்சற சத்தந்தான். அக்கா எந்திரிச்சு வந்து, அவரு மொகத்தை ரெண்டு கையாலயும் வழிச்சு, அவ நெத்தியில வெச்சு படபடன்னு நெட்டி முறிச்சா. "ராசா, ஒன்னைய இப்படியா ஆத்துல விட்டுட்டானுவ"ன்னா. அவரு அவளையே பாத்தாரு. அந்த மூஞ்சியில நான் எத்தனையோ பாத்திருக்கேன். அன்னிக்கு வந்ததை மட்டும் நடிக்கத் தெரியாது யாருக்கும்.

ரயில்வேக்காரரு கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "காது மெஷினை வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் தலைவரே. ஆனா நீங்க சொன்னது மட்டும் நல்லா கேட்டுச்சு, அவ்ளோ கத்தினீங்க"ன்னாரு.

எல்லாரையும் எறக்கி விட்டுட்டு வீட்டுக்குத் திரும்பற வழியிலதான் மருமக வாயைத் தொறந்துச்சு.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா. அவரு திருடன் மாமா."

"யாரு, மீசைக்காரனா?"

"உங்க சினேகிதரு. மீசைக்காரரு போலீசு, அவருதான் ஹீரோ. அவருக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான் கல்யாணம் நடக்க இருந்துச்சு. இவரு திருட வந்தவரு. அந்தப் பொண்ணைக் கடத்திட்டுப் போறாரு."

"அப்ப பூட்சு?"

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு கழட்டறாரு மாமா. கடைசியில அதை வெச்சுத்தான் கண்டுபுடிக்கறாங்க."

"நீ வந்ததுமே சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"நான் வந்தப்ப எல்லாரும் அழுதுட்டு இருந்தாங்க. அவரு அதைக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. எப்படி மாமா நிறுத்தச் சொல்றது?"

அடுத்து கொஞ்ச நா அவரு பெஞ்சுக்கு வரல. நான் மட்டும் துண்டோட உக்காந்திருப்பேன். அந்த மரத்துல பூவெல்லாம் கொட்டி முடிஞ்சு எல வந்துருச்சு. யாரோ அவருகிட்ட சொல்லியிருப்பாங்க, அந்தக் கெழவன் உன் கதையைத் தப்பாச் சொல்லித்தான் ஜனம் அழுதுச்சு, உன்னைப் பாத்து இல்லைன்னு. அப்படின்னா கைதட்டறதை விட இது கேவலமில்லீங்களா. எனக்குச் சோறு எறங்கல. பையன் கூட, "விடுப்பா, ஒரு பழைய படம்தானே"ன்னான். அவனுக்கு எப்படிச் சொல்றது. அந்த மனுசனுக்கு இருந்ததே அந்த ஒரு படந்தான்.

ஒரு நா காத்தால கதவைத் தட்டற சத்தம். மருமக போய்த் தொறந்துச்சு. அவரு நிக்கறாரு. மக தோளைப் புடிச்சிருக்காங்க. வெள்ளைச் சட்டை, அந்தக் கருப்புக் கோட்டு. வாசப்படியில நின்னவரு, குனிய ஆரம்பிச்சாரு. குனியறதுக்கே எத்தனை நேரம் ஆச்சு. மருமக பதறிப்போய் பரவால்ல, அப்படியே வாங்கன்னு இங்கிலீசுல சொல்லுது. அவரு காதுலயே வாங்கல. கயித்தை அவுத்தாரு, ஒண்ணு, அப்பறம் இன்னொண்ணு. ஜோடி சேத்து ஓரமா வெச்சாரு. எங்க வீட்டுக்குள்ள அடி எடுத்து வெச்சாரு. படத்துல வெச்ச அதே அடிதான், கொஞ்சம் நடுக்கம் மட்டும்.

சோபாவுல உக்காந்து, வாயைத் தொறந்து பேசினாரு. நான் அவரு கொரலை அன்னிக்குத்தான் கேக்கறேன். புல்லாங்கொழல்ல தொளை அடைச்சு ஊதினா வருமே, அந்த மாதர சன்னமா. சிரிப்பு வரல எனக்கு. ஏன் சிரிச்சாங்கன்னும் வெளங்கல.

"நீங்க அன்னிக்கு எல்லாருகிட்டயும் என்ன சொன்னீங்கன்னு கேக்கறாரு மாமா"ன்னுச்சு மருமக.

"உள்ளதைச் சொல்லிரு அம்மிணி."

அது சொல்லுச்சு. பூட்சைக் கழட்டினதை நான் எப்படி எடுத்துக்கிட்டேன்னு, அதுல இருந்து மத்ததெல்லாம் எப்படிப் பொறந்துச்சுன்னு. அவரு கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு. அப்பறம் அந்தச் சின்னக் கொரல்ல மெதுவாச் சொன்னாரு, மருமக ஒவ்வொண்ணாத் தமிழ்ல திருப்புச்சு.

அந்த ஸ்டுடியோவுல தரை தொடைக்கற வேலை அவரு அம்மாவுக்கு. மண்டி போட்டு, பிரஷ்ஷு வெச்சுத் தேய்க்கணும். வாளி தூக்கிக் குடுக்கப் போயித்தான் இவரே மொதல்ல உள்ள நொழைஞ்சது. அன்னிக்கு அந்த வீட்டு செட்டை அவங்கம்மா விடியறதுக்குள்ள தேய்ச்சு வெச்சிருக்காங்க. டைரக்டரு, சேத்துப் பூட்சோட உள்ள போன்னாராம். மீசைக்காரன் போயிட்டான். இவருக்குக் காலு வரல. அம்மா ஓரமா வாளியோட நின்னுக்கிட்டு இருக்காங்க. குனிஞ்சு கழட்டிட்டாரு. டைரக்டரு பாத்துட்டு, அட, திருடன்னா இப்படித்தான் வரணும், சத்தமில்லாமன்னு கதையையே அதுக்குத் தக்கன மாத்தி எடுத்துக்கிட்டாராம். இவரும் ஆமான்னுட்டாரு. அதுக்கப்பறம் இத்தனை வருசத்துல அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கல, அவரும் சொல்லல.

அவரு மக எந்திரிச்சுப் போய் எங்க கிச்சன் ஜன்னலு பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. அவங்க அப்பாவோட அம்மா என்ன வேலை பாத்தாங்கன்னு அவங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியுமாம்.

நான் துண்டை எடுத்து எங்க ரெண்டு பேரு கைக்கும் போத்தினேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். யாருக்கும் எதுவும் விக்கறதுக்கோ வாங்கறதுக்கோ இல்ல. மருமக காப்பி வெச்சுச்சு, அவருக்கு சக்கரை கூடப் போட்டு.

அடுத்த குளுருக்கு அவரு இல்ல. தூக்கத்துலயே போயிட்டாருன்னாங்க. அந்தப் பெஞ்சு இன்னும் இருக்குது, பனி வந்தா மூடிக்குது, அப்பறம் வெளிய வருது. நானும் எந்நேரமும் இருக்கப் போறவனில்ல. அந்தப் படம் இப்ப கேசட்டுல வந்திருக்குன்னு மருமக சொல்லுது, இன்னும் போகப் போக எல்லாரு வீட்டு டிவியிலயும் வருமாம். அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எங்கயாச்சும் ஒரு பேசாத படத்துல, ஒட்டின கன்னத்தோட, நீள வெரலோட ஒருத்தரு பனியில வந்து வாசல்ல நிக்கறதைப் பாத்தீங்கன்னா, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. அவரு சத்தத்துக்குப் பயந்து பூட்சைக் கழட்டல, உள்ள அவங்கம்மா தரை தொடைச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்லுங்க. அவங்களையும் அடுத்தவங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. சாகற எடத்துல யாரும் கைதட்டிரக் கூடாது பாருங்க.